பாதி வாடகைக்கு ஒரு வீடு

சான் பிரான்சிஸ்கோவில் நகரப் பேருந்து ஓட்டும் ரோசலின் டெவ்ரோ மலிவான எதையும் நம்பமாட்டாள். விலை குறைத்த கோழியைத் திருப்பித் திருப்பி மோந்து பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். சம்பளத்தில் பாதிக்குமேல் சின்னஞ்சிறு வீட்டின் வாடகைக்கே போனது. ஆனாலும் அது அவளுக்குப் பழகிய கொள்ளை.

தம்பி கர்டிஸ் ஹூஸ்டனிலிருந்து வாராவாரம் கூப்பிட்டான்.

"நீ குடுக்கிற வாடகையில பாதிதான் ரோஸ். தோட்டத்தோட முழு வீடு. பெட்ரோல்கூட இங்க மலிவு. என் வீட்டுப் பக்கத்துலயே காலியா இருக்கு."

வருஷக்கணக்கில் பிறந்தநாளுக்குக்கூடக் கூப்பிடாதவன் இப்போது ஏன் உருகுகிறான்? நேரில் பார்த்துவிடுவது என்று வேண்டுமென்றே ஆகஸ்டு வெயிலில் போய் இறங்கினாள்.

வீடு பெரியதுதான். ஆனால் சுவரில் இடுப்பளவுக்குக் கீழே மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"இங்க வெள்ளம் வந்துச்சா?"

"ரெண்டு தடவை. ஏசிக்குக் கரண்ட் பில் எவ்ளோன்னும் கேட்டுக்கோங்க."

மதியம் சாப்பிடப் போகும்போது, கார் ஓட்டிக்கொண்டிருந்த தம்பியை மடக்கினாள்.

"இதுல உனக்கு என்னடா கிடைக்குது?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஓனர். ஆள் பிடிச்சுக் குடுத்தா எனக்கு ஒரு மாச வாடகை தள்ளுபடி."

"அவ்ளோதானா?"

அவன் பதில் சொல்வதற்குள் பக்கவாட்டில் வந்த லாரி அலறிக்கொண்டு உரசுவதுபோல் கடந்தது. கர்டிஸ் அதைப் பார்க்கவே இல்லை.

"ஓரமா நிறுத்து. லாரி தெரியலையா உனக்கு?"

அவன் ஓரமாக நிறுத்தினான்; ஸ்டியரிங்கை மட்டும் விடவில்லை. "பக்கவாட்டுல எதுவும் தெரியறதில்ல. டாக்டர் ஓட்டக்கூடாதுன்னுட்டார். கார் இல்லாம இந்த ஊர்ல பால் வாங்கக்கூடப் போக முடியாது. நீ பக்கத்துல இருந்தா..."

"இதைப் போன்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு தானே ஓட்டினாள்.

இலையுதிர்காலம் வருவதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அவளுடைய சின்ன வீட்டின் முன்னறையில் கர்டிஸின் கட்டில் கிடந்தது. நடக்க இடமில்லை. ஒரு காபியின் விலையைக் கேட்டு, "இதுல என்ன கலக்கறாங்க?" என்று கடைக்காரனிடமே சண்டைக்குப் போனான். ஆனால் தெருமுனையில் பேருந்து நின்றது. கண் மருத்துவமனைக்கு யார் துணையும் இல்லாமல் போய்வந்தான். அவன் பத்திரமாக ஏறினானா என்று முதல் சில நாட்கள் ரோசலின் மாடி ஜன்னலிலிருந்து அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.