தோலில்லாத தொரை

போன வாரம் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கப் பத்து பாகாட் டவுன் மருந்துக் கடைக்குப் போனேன். சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், தோலுரித்த மனிதனின் தசைப் படம். வலிக்கும் இடத்தை அதில் காட்ட விரலை நீட்டினேன்.

"அங்கிள், தொடாதீங்க லா. கைரேகை விழுந்துடும்" என்றார் கடைக்காரப் பெண்.

விரலை எடுத்துக்கொண்டேன். ஆனால் தைல நெடி விடவில்லை. லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போய்விட்டது. அங்கே நான் கிராணி, கணக்கெழுதுகிறவன். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மாதத்தையும் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது: ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன, ஆகவே பிப்ரவரி அல்லது மார்ச்.

அங்கும் இப்படி ஒரு படம் உண்டு. கண்ணாடி கிடையாது. மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் ஆண்பிள்ளை. அவர் தங்களைத் தொடுவதைப் பெண்கள் விரும்பவில்லை. நேராகப் படத்துக்குப் போய், வலிக்கும் இடத்தில் விரலை அழுத்துவார்கள். இவ்வளவு உயரமும் இவ்வளவு கறியும் உள்ளவன் வெள்ளைக்காரனாகத்தான் இருப்பான் என்பது கூலிகள் குடியிருந்த லயத்தின் முடிவு. பெயர் 'தோலில்லாத தொரை'.

"எங்கம்மா வலிக்குது?" என்பார் டிரெசர்.

"தொரைக்கு இந்த எடத்துல."

"தொரைக்கு வலிச்சா பங்களாவுல படுத்துக்குவாரு. உனக்கு எங்க?"

இப்படி அழுத்தி அழுத்தி, புல் வெட்டுகிறவர்களால் இடுப்பும், மரத்தில் பால் வெட்டுகிறவர்களால் வலது முன்கையும் தேய்ந்து, சிவப்புப் போய் வெள்ளைத் திட்டாகிவிட்டன.

முன்கையை அதிகம் அழுத்தியவள் காளியம்மா. பல ஆண்டுகள் பால் வெட்டும் கத்தி பிடித்து, அவளது வலக்கை விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. உள்பக்கத் தசை விரலை மடக்கும். விரிக்க வேண்டுமானால் புறப்பக்கத் தசை இழுக்க வேண்டும், அப்போது உள்பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். அவள் கையில் உள்பக்கம் விட்டுக்கொடுப்பதை நிறுத்தியிருந்தது. தசைக்குள் நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால்தான் அது சுருங்குகிறது என்றும், பிடியை விடுவதற்கும் சக்தி செலவாகிறது என்றும் வெகு காலம் கழித்துப் படித்தேன். எங்கள் டிரெசருக்கு அது தெரியாது. அன்று உலகில் யாருக்குமே தெரியாது.

ரப்பர் விலை விழுந்திருந்த சமயம். வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆள் கழிக்க டவுன் டாக்டர் வருகிறார் என்றதும் காளியம்மா டிரெசரிடம் வந்து நின்றாள். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. ஒரே மகள் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"அவளுக்கு ஏழு மாசம், ஐயா. புள்ள மொகத்தப் பாத்துட்டா போதும். அப்பறம் எந்தக் கப்பல்ல வேணும்னாலும் ஏத்துங்க."

டிரெசர் அவள் கையை வெந்நீரில் வைக்கச் சொன்னார். பிறகு, "கை விரிங்கன்னு கேட்டா மணிக்கட்டக் கீழ தொங்க விடு" என்றார். அவள் தொங்கவிட்டாள். உள்பக்கத் தசைநாண்கள் தளர, விரல்கள் தாமாக விரிந்தன.

"அட, மாயமந்திரமா இருக்கே" என்றாள்.

"மந்திரம் இல்ல. தொரை கையில இருக்கறதுதான். நிமித்தாத, அவ்வளவுதான்."

டாக்டர் கை விரிக்கச் சொன்னார். காளியம்மா மணிக்கட்டைத் தொங்கவிட்டு ஐந்து விரலையும் காட்டினாள். டாக்டர் தன் பென்சிலால் அந்த மணிக்கட்டை மெல்ல மேலே தூக்கினார். விரல்கள் தொட்டாற்சுருங்கி இலைபோல் மூடிக்கொண்டன. அவர் டிரெசரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பாடம் அவரும் படித்ததுதான். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கப்பலுக்குக் கழிக்கப்பட்ட ஆட்களை அனுப்பிவைக்க லாபிஸ் ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். மகள் வயிற்றைத் தாங்கியபடி நடைமேடையில் நின்றாள், இருவரும் அழவில்லை. ரயில் நகர்ந்ததும் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் கையசைத்தார்கள். காளியம்மா மட்டும் கையை வெளியே நீட்டி, மணிக்கட்டைத் தொங்கவிட்டு, விரிந்த ஐந்து விரல்களையும் மகளுக்குக் காட்டிக்கொண்டே போனாள்.

ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்பே அந்தப் படம் போய்விட்டது. பிறகு ஆஸ்பத்திரி. இப்போது அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய்ச் செம்பனை நிற்கிறது. மருந்துக் கடைப் படத்தில் முன்கைத் தசைகள் ஒன்று விடாமல் சிவப்பாக இருக்கின்றன. எங்கள் படத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது.