சிவப்புப் பட்டை போட்ட மரம்

பெட்டியைக் கயிற்றுக் கட்டிலில் திறந்து வைத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வீசிக்கொண்டிருந்தார் சொல்தா மாமா. முதலில் பறந்தது கம்பளி ஸ்வெட்டர். அம்மா கள்ளக்குறிச்சியில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தது.

"இது இன்னாத்துக்கு? காஷ்மீருக்கா போறா?"

"ஃபாரின்னா குளுருமேண்ணா?"

"எல்லா ஃபாரினும் ஒண்ணாம்மா? அது நம்ம கத்திரி வெயிலுக்கு அக்கா ஊரு. உக்காந்த எடத்துல வேர்த்து ஊத்தும். நூல் பொடவையா வை."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பாண்டிச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். மாமா என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். பென்ஷன் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள தியாகதுருகம் வந்து, எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். என் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். என் வீட்டுக்காரரும் அதே பட்டாளம். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவில் அவருக்கு வேலை. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு நான் போய்ச் சேர வேண்டும். அந்தத் தீவில் மாமா வருஷக்கணக்கில் இருந்தவர் என்பதால் பெட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

அவர் சொன்னதெல்லாம் உருப்படியான விஷயம். ஆடியிலிருந்து ஐப்பசி வரை புயல் வரும், ஜன்னல் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று போன அன்றே பார். குடிக்கத் தண்ணீர் பிடித்து வை, மெழுகுவத்தி வாங்கி வை. கொசுவலை இல்லாமல் குழந்தையைப் படுக்கப் போடாதே. கடைக்குள் போனதும் விலை கேட்காதே, முதலில் வணக்கம் சொல், சொல்லாவிட்டால் உனக்குச் சாமான் கிடைக்காது. பஸ் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும், இருட்டிவிட்டால் பஸ்ஸே கிடையாது. பெரிய சீலா மீனை வாங்காதே, சிலதில் விஷம் ஏறியிருக்கும். புளி மூட்டை எதற்கு, அங்கேயும் புளிய மரம் இருக்கிறது. நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். அவர் வீசுவதும் அம்மா பொறுக்கி வந்து மறுபடி வைப்பதுமாக இருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடற்கரையைப் பற்றி மட்டும் அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. "அது பெரிய கத. மெட்ராஸ் வரைக்கும் கூடத்தான வரேன், கார்ல சொல்லிக்கினே வரேன்" என்றார்.

இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. நான் கிளம்ப வேண்டிய வாரத்தில் சாலை மறியல். உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். என் அண்ணன் மகன் படித்து உத்தியோகத்தில் இருக்கிறான் என்றால் அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்தவர்களால்தான். வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

என் கொழுந்தனார் கொண்டுவந்த கார் மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள். "நம்ம பொண்ணு ஃபாரின் போவுதுப்பா, வழி வுடுங்க" என்று அண்ணனே சொல்லி, தான் சாய்த்த மரத்தின் மேல் தானே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். மாமாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. ஒரு மரமென்றால் எப்படியாவது தாண்டியிருப்பார். கண்ணுக்கெட்டிய வரை மரம், அவர் இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

அப்போதாவது அந்தக் கடற்கரைக் கதையைச் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. ஆனால் அவர் மறியல் பையன்களோடு சண்டைக்குப் போய்விட்டார்.

"வெட்றதுக்கு மரந்தான் கெடச்சுதாடா? எங்க தாத்தன் காலத்து மரம்டா!"

"உங்களுக்கும் சேத்துத்தான் மாமா போராடறோம்."

"எனக்கு இன்னாத்துக்குடா? எனக்கு பென்ஷன் பிரான்சுல இருந்து வருது!"

"அப்ப பிரான்சுல போயி மறியல் பண்ணுங்க. நாங்களா வேணாங்கறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறித் தாண்டினேன். மரத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த வெள்ளைப் பட்டையும் காவிப் பட்டையும் என் புடவையில் ஒட்டிக்கொண்டன. திரும்பிப் பார்த்தபோதும் அவர் கையை நீட்டிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் ஊரில் பட்டை அடித்த மரம் என்றால் சர்க்கார் மரம். பஸ்ஸுக்கு நிற்பதும், மழைக்கு ஒதுங்குவதும், நடவுக்குப் போகிற பெண்கள் சோற்றைப் பிரிப்பதும் அதன் அடியில்தான். அங்கே நின்றால் யாரும் விரட்டமாட்டார்கள். பிறந்ததிலிருந்து அப்படி நின்றவள் நான்.

தீவுக்குப் போன சில மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு கடற்கரையில் இருந்தேன். வீட்டுக்காரருக்கு அன்று டியூட்டி. மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஜனங்கள் கடைகளைப் பார்த்து ஓடினார்கள். எனக்குப் பக்கத்திலேயே அடர்ந்த மரம். அடிமரத்தில் சிவப்புப் பட்டை. ஊர் மரத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. ஓடிப்போய் நின்றேன். வேறு யாரும் வராததைப் பார்த்து, நல்ல இடம் பிடித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஊர்க்காரி ஒருத்தி கத்திக்கொண்டே வந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டாள். அதற்குள் இலையில் வடிந்த தண்ணீர் மகளின் முகமெல்லாம் இறங்கிவிட்டது. அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த மரத்துக்கு மான்சினீல் என்று பெயர். அதன் பால் விஷம், பழம் விஷம், மழையில் அதன் அடியில் நின்றால் தோல் வெந்துபோகும். கிட்டே வராதே என்பதற்குத்தான் சிவப்புப் பட்டை. கொப்புளங்கள் ஆறின. இடது கண் தெளிந்தது. வலது கண்ணின் பாப்பா மேல் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் அவளுக்கு இன்றும் எல்லாம் புகை மூட்டம்தான்.

வீட்டுக்காரர் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். என்ன சொன்னார், என்ன போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. நாங்கள் திரும்பி வருவதற்குள் ஊரில் ஒரே பேச்சுதான்: சொல்தா மாமா மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். கூடவே இருந்த என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை என்பதை யாரும் பேசவில்லை.

நாங்கள் வந்து இறங்கிய பிறகும் அவர் பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஒருநாள் வந்தார். மகளின் முகவாயைத் தூக்கிக் கண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"அங்க எறங்குன மொத நாளே பட்டாளத்துல எங்களுக்கு அந்த மரத்தக் காட்டிட்டுத்தாம்மா மறுவேல. நான் இன்னாடான்னா ஸ்வெட்டர எடுத்து வீசிக்கினு இருந்தேன்."

"வுடுங்க மாமா" என்றேன். வாய்தான் சொன்னது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

பிறகு ஊரிலிருந்து யார் வெளியே கிளம்பினாலும் மாமா போய் நிற்பார். துபாய் போகிறவனுக்கும் மரம், சிங்கப்பூர் போகிறவனுக்கும் மரம். "பம்பாய்ல கட்டடந்தான் மாமா இருக்கு" என்று ஒருத்தன் சொன்னதற்கு, "கடல் இருக்குதில்ல?" என்றாராம். "மாமா மரத்த நட்டுட்டாருப்பா" என்று கிண்டல் செய்தார்கள். நான் ஒருத்தி நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது கல்வராயன் மலைக்குக் குடும்பமாகப் போனோம். மாமாவையும் வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள். வெள்ளிமலைக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரு பெரிய மரத்தடிக்கு ஓடினோம். மாமா மட்டும் வெட்டவெளியில் நின்றார்.

"இது இன்னா மரம்?"

ஏற்கெனவே அங்கே ஒதுங்கியிருந்த மலைக்காரப் பெண் சிரித்தாள். "கடுக்கா மரம் சாமி. ஒண்ணியும் பண்ணாது. வந்து நில்லுங்க."

வரவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "போதும் மாமா! நீங்க சொல்லி இருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். அங்க போயி நின்னது நானு. நீங்க ஒண்ணும் நிக்க வெக்கல!"

மழையில் நனைந்தபடி மாமா சொன்னார்: "இதயும் திட்டற மாதிரியே சொல்றியேம்மா. திட்டறியா, வுட்டுட்டியா, எனக்கு ஒண்ணும் வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை.

மகள்தான் குடுகுடுவென்று வெளியே ஓடி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "உள்ள போடி, காய்ச்சல் வரும்" என்று விரட்டினார். "நீ வா தாத்தா, அப்பத்தான் போவேன்." வேறு வழியில்லாமல் வந்தார். வந்து, மழை விடும் வரை, மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, தன் உள்ளங்கையை அவள் வலது கண்ணுக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். கையை இறக்கவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. மகளுக்கே இப்போது பிள்ளைகள். போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது தூறல் போட்டது. அவள் கை தானாகப் போய் வலது புருவத்துக்கு மேல் நின்றது. தூறல் என்றால் எப்போதும் அப்படித்தான்.

"இந்தப் பழக்கம் எங்க இருந்தும்மா வந்துது எனக்கு? நீதான் சொல்லிக் குடுத்தியா?"

"உங்க சொல்தா தாத்தா."

"யாரு, மரத்தப் பத்திச் சொல்லாம வுட்டாரே, அவரா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் காதில் விழும்படி எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக அந்தக் கதையை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம்.