போகிப் புகைக்கு மேலே ஒரு வட்டம்

காலை ஆறு மணிக்கு மும்பையிலிருந்து விமானம் கிளம்பியது. அன்று போகி. பத்தரைக்குள் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நான் நிற்க வேண்டும். இல்லையென்றால் நைனாவின் பிரம்பு நாற்காலி சாம்பலாகிவிடும்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ரிடையரான நாள் முதல் அவருடைய மதியத் தூக்கம் அந்த நாற்காலியில்தான். அம்மாவுக்கோ அது மூட்டைப்பூச்சிகளின் அரண்மனை. இந்தப் போகிக்குக் கொளுத்தியே தீருவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். நைனா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் என்னிடம் அழாத குறையாக முறையிட்டார். பிள்ளை வந்து தீர்ப்பு சொல்லட்டும் என்று கடைசியில் முடிவானது. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும், அதுவரைதான் பொறுப்பேன் என்று அம்மா கெடு வைத்தாள். விடியுமுன் மூட்டவேண்டிய தீயை அவள் தள்ளிப்போட்டதே பெரிய சலுகை.

ஏழே முக்காலுக்குச் சென்னைக்கு மேலே வந்துவிட்டோம். மேலே பளிச்சென்று வெயில். கீழே ஊரையே காணோம்! பஞ்சுப் பொதியைப் பிரித்துக் கொட்டியது மாதிரி ஒரே வெள்ளை.

பக்கத்து இருக்கையில் பிரேமா என்ற பெண். பிள்ளையார்பாளையத்துக்காரி, விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தாள். நம்ம ஊர்ப் பெண் பைலட்டா என்று எனக்கு ஒரே பெருமை. மார்கழிப் பனியில் காற்று அசையாமல் நின்றால், ஈரக்காற்று தரையோடு தரையாக மூடுபனியாகிவிடும் என்றாள். போகிப் புகை சேர்ந்தால் புகைத்துகளில் பனி ஒட்டிக்கொண்டு இன்னும் கெட்டியாகுமாம். ஆயிரம் அம்மாக்கள் கொளுத்திய பாயும் முறமும்தான் எங்களை வானத்தில் நிறுத்தியிருந்தன.

விமானம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருமுறை இறங்கப் பார்த்தது. ஜன்னல் முழுக்க வெள்ளை, சக்கரம் இறங்கும் சத்தம், சட்டென்று என்ஜின் உறுமி மறுபடி மேலே தூக்கியது. நான் முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதண்ணா," என்றாள் பிரேமா. "இத்தினி தூரம் ரன்வே தெரியணும்னு கணக்கு இருக்குது. தெரியலன்னா எறங்கவே கூடாது. எங்க நெசவுக்காரத் தெருவுலகூட பனி வெலகாம தறிக்குப் பாவு நூலு விரிக்க மாட்டாங்க, நூலு ஈரத்தைக் குடிச்சிக்கும். அவசரப்பட்டா ஆவாது."

நியாயம்தான். ஆனால் நாற்காலிக்கு யார் நியாயம் சொல்வது? பெங்களூருக்குத் திருப்புகிறோம் என்று விமானி அறிவித்தார். அங்கே இறங்கிக் காத்திருந்தோம். வீட்டில் போன் கிடையாது. பத்தரை ஆனபோது கடிகாரத்தைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை. நாற்காலி விஷயத்தைக் கேட்ட பிரேமா தன் பங்கு பிஸ்கட்டையும் எனக்கே கொடுத்துவிட்டாள்.

வெயில் ஏறி, பனி கலைந்து, நண்பகலில் சென்னையில் பூப்போல இறங்கினோம். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிரேமாவும் நானும் ஒரே டாக்சியில் ஏறினோம். எழுபத்தைந்து கிலோமீட்டர், எழுநூறு ரூபாய். ஸ்ரீபெரும்புதூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, ஏன் சார் துக்க வீட்டுக்குப் போறாப்பல இருக்கிறீங்க என்று டிரைவர் கேட்டார். பிரேமா நாற்காலிக் கதையைச் சொன்னாள். அந்த மனுஷன் காஞ்சிபுரம் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

இரண்டரைக்கு வீடு. வாசலில் கருகிய பாய், பிய்ந்த துடைப்பம், சாம்பல். நாற்காலி இல்லை. போச்சு என்று உள்ளே நுழைந்தேன். கூடத்தில் அதே நாற்காலி, ஒரு கால் மட்டும் கறுத்து, அதன் மேல் குறட்டை விட்டபடி நைனா!

"மூணு வாட்டி பத்த வெச்சேன்பா," என்று அம்மா என்னிடம் குறைப்பட்டாள். "ராத்திரியே இவுரே வெளிய தூக்கி வெச்சாரு, நல்ல மனுஷன்னு நெனச்சேன். பனியில ஊறிப்போச்சு. பத்தவே மாட்டேங்குது, தெருவே இருமிக்கினு கெடக்குது. சரி, பெருமாளுக்கே இஷ்டமில்லன்னு உள்ள கொண்டாந்துட்டேன்."

தீர்ப்புக்கே வேலையில்லாமல் போயிற்று. பொங்கல் முடிந்து நான் கிளம்பும் நாளில் நைனா பஸ் நிலையம் வரை வந்தார். பத்தரைக்கு நான் வரவில்லை என்றதும் பயந்துபோனீர்களா என்று கேட்டேன்.

"எதுக்குப் பயம்? மொத நாள் ராத்திரியே ரேடியோவுல மூடுபனின்னு சொல்லிட்டான். பனியில எவன்டா பிளேனை எறக்குவான்? நீ நேரத்துக்கு வரமாட்டேன்னு தெரிஞ்சிக்கினேன்." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். "அதான் நாற்காலிய வெளிய வெச்சி, ரெண்டு கொடம் தண்ணி ஊத்தினேன். உங்கம்மா பனின்னு நெனச்சிக்கினா. நீயும் சொல்லிடாத."

மும்பை போய்ச் சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வானிலையை விமானி எவ்வளவு நம்பினாரோ, அவ்வளவு எங்கள் நைனாவும் நம்பியிருக்கிறார். நம்பாமல் போனது என்னைத்தான்.