பாதி கிரிவலம்

அருணாதேவி வேங்கிக்காலில் ஒரு பைக் ஷோரூமில் பில் போடுகிறவள். கணவன் போனபின் அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. பெண்களின் புகாரை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவி என்று அவள் பெயரைப் போர்டில் எழுதி மாட்டியிருந்தார் முதலாளி ராஜேந்திரன். சட்டம் கேட்டது, மாட்டினார். அதைத் தூசு தட்டுவதைத் தவிர அவளுக்கு அதில் வேலை இருந்ததில்லை.

வியாபாரம் நன்றாக ஓடிய மாதங்களில் பௌர்ணமியன்று ஊழியர்களைக் கிரிவலம் கூட்டிப்போவது முதலாளியின் வழக்கம். எல்லோருக்கும் ஷோரூம் பெயர் போட்ட மஞ்சள் பனியன். ராஜகோபுரத்தடியில் வருகை எடுப்பார். வராதவர்களுக்குச் சம்பளம் பிடிப்பார்.

இந்த முறை வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். அடி அண்ணாமலை வந்தபோது, புதிதாகச் சேர்ந்த அன்புச்செல்வி அருணாதேவியின் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, மூர்த்தி சார் இடுப்புல கை வெக்கிறாரு. கூட்டத்துல படுதுன்னு நெனச்சேன். ஓரமா போனா அங்கயும் வராரு."

அருணாதேவி திரும்பினாள். விற்பனை மேனேஜர் மூர்த்தி நெற்றி நிறைய விபூதியோடு ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, கால் வலியா? தூக்கிக்கினு வரட்டா?"

கூட வந்த ஆண்கள் சிரித்தார்கள். அவள் விறுவிறுவென்று முன்னால் போய் முதலாளியை மறித்து விஷயத்தைச் சொன்னாள்.

"சாமி காரியத்துல ஆபீஸ் பேச்சு எதுக்கும்மா? நாளைக்குப் பாத்துக்கலாம். கிரிவலத்தப் பாதியில நிறுத்தக் கூடாது."

பாதி மலை இன்னும் சுற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு தூரமும் அந்தக் கை கூடவே வரும்.

"சாமி காரியம்னா வராதவங்களுக்கு ஏன் சார் சம்பளம் புடிக்கிறீங்க? நீங்க கூப்ட்டு வந்தீங்க, உங்க பொறுப்பு. அந்தாள் கூட இனி ஒரு அடி வர மாட்டோம்."

சொல்லிவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அன்புச்செல்வி உட்கார்ந்தாள். கொஞ்சம் தயங்கி, சர்வீஸ் பிரிவுப் பெண்களும். கூட்டம் அவர்களைச் சுற்றிப் பிரிந்து போனது. போகிறவர்கள் பனியனில் இருந்த பெயரைப் படித்தார்கள்.

"இன்னா சார், ஷோரூமே படுத்துக்கிச்சா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

"நெரிசல்ல பட்டிருக்கும் சார். இதுங்களுக்கு வேற வேல இல்ல" என்றான் மூர்த்தி முதலாளியிடம்.

ராஜேந்திரன் போகிறவர்களைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"மூர்த்தி, நீ திரும்பிப் போ."

"சார், கிரிவலம் பாதியில..."

"போடா."

ஊரே ஒரு பக்கமாக நடக்க, ஒரு மஞ்சள் பனியன் மட்டும் எல்லோரையும் இடித்துக்கொண்டு எதிரே போனது.

"நாளைக்கு என்ன பண்றதா உத்தேசம்?" முதலாளியின் குரலில் ஈரம் இல்லை.

"அவ எழுதிக் குடுப்பா. நான் விசாரிப்பேன். போர்டுல பேர் போட்டது நீங்கதானே சார்."

அவர் முன்னால் நடந்தார். பெண்கள் எழுந்தார்கள். நாளைக்குத் தன் நாற்காலி அங்கே இருக்குமா என்று அருணாதேவிக்குத் தெரியவில்லை. அன்புச்செல்வியை முன்னால் விட்டு, அவள் முதுகை ஒட்டித் தான் நடந்தாள்.