ரெத்தினம் விட்ட நாற்று

ரெத்தினம் நிலத்தை விடமாட்டாராம் என்று குடவாசல் கடைத்தெருவில் யாரோ சொல்ல, குஞ்சிதபாதம் அதை அப்படியே மஸ்கட்டிலிருக்கும் சித்தப்பா மகன் கல்யாணத்திடம் போனில் சொன்னான்.

"விக்கப் போறோம்னு தெரிஞ்சும் மூலையில நாத்து விட்டிருக்கானாம்டா. பயிர் நிக்கறப்ப யார் கிளப்ப முடியும்? ஒட்டிக்கிட்டான், அவ்வளவுதான்."

அது கல்யாணத்தின் நிலம்; குத்தகைக்கு உழுதவர் ரெத்தினம். மஸ்கட் வேலை ஆட்டம் கண்டிருந்தது. நிலத்தை விற்றால்தான் திரும்பி வந்து தங்க ஒரு வீடு.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதியச் சொல்லிச் சட்டம் வந்தபோது ரெத்தினத்தின் அப்பா காத்தான் பதிந்துகொண்டார். அப்படிப் பதிந்தவரை லேசில் கிளப்ப முடியாது. அதற்காகக் கல்யாணத்தின் அப்பா ஒரு போகம் முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காத்தானுக்குப் பிறகு ரெத்தினம் உழுதார். வெண்ணாறு உடைத்துக்கொண்ட வருஷம், முதல் வேலைக்குக் கிளம்பிய கல்யாணத்தின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நீடாமங்கலம் ஸ்டேஷன் வரை வந்தவர் அவர்தான். "பொஸ்தகமா தம்பி? கல்லாட்டம் கனக்குது!" என்று வழியெல்லாம் சிரித்தார்.

குஞ்சிதபாதம் பேசிய மறுநாள் காலை வீடியோ கால். நிலம் வாங்க வந்த சென்னைக்காரர் வரப்பில் நின்றார். ரெத்தினத்தின் மகள் வேம்பு போனைப் பிடித்து வயலைக் காட்டினாள். சிக்கல் ஏதும் உண்டா என்று சென்னைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். நிலம் சுத்தம், இந்த ரெத்தினம்தான் அதை 'என்கம்பர்' செய்துகொண்டிருக்கிறான் என்று கல்யாணமும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

ஒப்பந்தங்கள் எழுதிப் பிழைக்கும் அவருக்கு அந்த வினைச்சொல் கைப்பழக்கம். கடனோ அடுத்தவர் உரிமையோ ஏறிக்கொண்டு, சொத்தைக் கைமாற்ற விடாமல் கட்டிப்போடுவதற்கு அதை எழுதுவார். பள்ளியில் படித்த பொருள் இன்னும் எளிது: நடக்க முடியாதபடி சுமை ஏற்றுவது. ஒரு மனிதரின் பெயரோடு அதைச் சேர்த்தது அன்றுதான்.

"என்னம்மா சொல்றாரு? எம் பேரு வந்துச்சே," என்று பக்கத்தில் நின்ற ரெத்தினம் மகளைக் கேட்டார்.

வேம்பு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள், அந்த ஆங்கிலம் அவளுக்குப் புரிந்தது. "நீங்க நிலத்து மேல பாரமா உக்காந்திருக்கீங்களாம்ப்பா."

"பாரமா? தம்பி பொட்டியவிடவா?" ரெத்தினம் சிரித்தபடி போனுக்கு முன்னால் வந்தார். திரையில் கல்யாணத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "நாத்தப் பாத்துச் சொல்றீங்களா தம்பி? வெறுந்தரையாக் கைமாத்தக் கூடாதுல்ல. விட்டுட்டுப் போறவன் ஒரு மூலையில நாத்து விட்டு, பச்சையாக் குடுத்துட்டுப் போவணும். ஒங்க அப்பாவுக்குத் தெரியும். இந்த சாருக்குத்தான் அந்த நாத்து, பறிச்சு நட்டுக்கட்டும். குத்தகையிலேருந்து எம் பேர எடுத்துக்கச் சொல்லி தாலுகா ஆபீசுல கையெழுத்துப் போட்டாச்சே. வேம்பு, நீ சொல்லலியா?"

"அவரு எங்கப்பா சொல்ல விட்டாரு?"

சென்னைக்காரர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வையி வேம்பு. வெயிலேறுது," என்றார் ரெத்தினம். திரை அணைந்தது.

கல்யாணத்துக்குக் காது மடல் வரை சுட்டது. உடனே திரும்ப அழைத்தார். 'குத்தகை ரெத்தினம்' என்றுதான் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருந்தார். தன்னைவிட மூத்த மனிதரை இத்தனை வருஷமும் பேரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறார். எடுத்தால் முதலில் என்னவென்று கூப்பிடுவது? 'அண்ணே' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். நாக்கு கூசியது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.