கல்யாணப் படம் இருந்த ஆணி

எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில் இப்போது என் வீட்டுக்காரரின் மூளை தொங்குகிறது. கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஓர் எம்.ஆர்.ஐ. படம். ஈப்போ பழைய டவுன் கடை ஒன்றில் அவரே பக்கத்தில் நின்று, கண்ணாடியும் தங்க நிறச் சட்டமும் போட்டு வாங்கிவந்தார். கல்யாணப் படம் செருப்பு அலமாரிக்கு மேலே போய்விட்டது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து அவர் மூளையைப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பொறாமை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு பெண்மேல் பொறாமை, ஒரு காளான்மேல் பொறாமை, ஒரு மெஷின்மேல் பொறாமை. கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கேவலம். ஏனென்றால் அதே மாதிரி மெஷினை ஓட்டித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில், எம்.ஆர்.ஐ. பிரிவில் எனக்கு வேலை. வருகிறவர்களைப் படுக்க வைத்து, காதை அடைத்து, தலையை அசையாமல் பொருத்தி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுப்பேன். "முடியலைன்னா இதை அமுக்குங்க. மத்தபடி ஆடாதீங்க, பேசாதீங்க." இதை மலாயிலும் தமிழிலும் அரைகுறை கேண்டனீஸிலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டால் என் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. திரையில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தெரிந்தாலும், "முடிஞ்சிருச்சு, டாக்டர் சொல்வாரு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. என் கையால் எடுத்த படத்தில் அசைவின் கோடு விழுந்ததாக எந்த டாக்டரும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பீடோர் பக்கம், இப்போது எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷம் மனச்சோர்வு வந்தது. வந்தது என்றால் போகவில்லை என்று அர்த்தம். பதினோரு வருஷம் எங்கள் கூடவே இருந்தது. காலையில் எழுப்பி, குளிக்க வைத்து, சட்டைக்குப் பொத்தான் போட்டு, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். திருத்தாத பரீட்சைத் தாள்கள் மேசையில் கிடந்தால் நானே உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். மூன்று டாக்டர், ஏழெட்டு மாத்திரை, இரண்டு தைப்பூசத்துக்குப் பால் குடம். அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்து உதடு நடுங்கினால், நான் உடனே தோளைத் தட்டி, "ஒன்னுமில்ல, பேசாம படுங்க" என்பேன். பேசினால் அழுவார், அழுதால் மறுநாள் எழமாட்டார். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

அந்தப் பதினோரு வருஷத்தில் ஒருமுறை, மூளையில் வேறு கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். கூட வேலை பார்ப்பவர்கள், "நாங்க எடுக்கிறோம்லா, நீ வெளிய உக்காரு" என்றார்கள். விடுவேனா? என் புருஷன் மூளையை வேறு யார் பார்ப்பது? நானே எடுத்தேன். நாற்பது நிமிஷம், கல்லில் செதுக்கியதுபோல் ஒரு படம். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தது. சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா தெரியவில்லை. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் அவரைச் சோம்பேறி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஃபிலிமை என் புடவை அலமாரியில் அடித்தட்டில் வைத்தேன்.

அவருடைய தங்கை ஆஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஓர் ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள், மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் காளானில் இருக்கும் ஒரு சத்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். "அண்ணி, அண்ணன அனுப்பி வைங்களேன். பார்க்கலாம்லா."

போதைக் காளான். இங்கே மலேசியாவில் அதைக் கையில் வைத்திருந்தாலே போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும். அவருக்குச் சிரிப்பு வந்தது. நான் அவர் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "தோட்டத்துல மழை பெஞ்ச மறுநாள் மாட்டுச் சாணியில மொளைக்கும். காலால எத்தி விட்டுட்டுப் போவோம். அதுக்கா பிளேன் ஏறிப் போகணும்?" என்றார். போனார். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கை வீட்டில் தங்கி, பழைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார். எத்தனையோ பரிசோதனைக்குப் பிறகு ஆய்வில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவர் போன பிறகு நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மூளையில் 'நான், எனது, என் குற்றம்' என்று ஓயாமல் தனக்குள் பேசிக்கொண்டிருக்கும் பகுதிகள் உண்டு. இந்த மருந்து உள்ளே போனால் அந்தப் பேச்சின் கட்டு தளர்கிறது, வழக்கமாக ஒன்றோடொன்று பேசாத இடங்கள் பேசத் தொடங்குகின்றன என்கிறார்கள். அதனால்தான் நோய் குறைகிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எல்லாருக்கும் கேட்பதுமில்லை. கேட்டவர்களுக்கும் எத்தனை நாள் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவேளை பலிக்காமல் போனால் அவரை எப்படித் தேற்றுவது என்று நான் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

பலித்தது. விமான நிலையத்தில் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஈப்போ வரும் வரை காரில் பேசிக்கொண்டே வந்தார். தஞ்சோங் மாலிமில் நிறுத்தி எனக்கு ஆவியில் வெந்த பாவ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தேன். "ஒரே நெரையிலயே போயி வந்து போயி வந்து இருந்தேம்மா. ரப்பர் நெரையில பால்மரம் வெட்டப் போறவங்க மாதிரி. அன்னிக்குத்தான் பக்கத்து நெரைன்னு ஒன்னு இருக்குன்னே தெரிஞ்சுச்சு" என்றார். நான் படித்ததை எனக்கே, என்னைவிட நன்றாகச் சொன்னார். சந்தோஷம்தான். ஆனால் பதினோரு வருஷம் நான் பொத்தான் போட்டுவிட்டேன். ஒரே நாளில் ஒரு மாத்திரை வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

மாத்திரை மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். அந்தப் பெண் இருக்கிறாளே. மருந்து கொடுத்த நாளில் கண்ணைக் கட்டி, பாட்டுப் போட்டு, பக்கத்திலேயே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க ஒரு பெண்ணும் ஓர் ஆணும் உண்டாம். அந்த ஆணைப் பற்றி இவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. எல்லாம் "அவங்க"தான். அவங்க சொன்னாங்க, அவங்க சிரிச்சாங்க, அவங்களுக்கு காரம் பிடிக்கும். புந்தோங்கில் போய் வரிசையில் நின்று, கச்சாங் பூத்தே கடலை நொறுக்கில் பூண்டு போட்டது எது, முறுக்கு எது என்று பார்த்துப் பார்த்துக் கட்டி அவளுக்குப் பார்சல் அனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து புந்தோங் பத்து நிமிஷம். எனக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி வந்ததில்லை.

அப்புறம்தான் அங்கிருந்து கொண்டுவந்த இந்தப் படம் ஆணிக்கு ஏறியது. எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர்கள் மூளையின் பேச்சைத் தேடி எடுத்தது வேறு வகை ஸ்கேன். ரத்த ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டு, நிறையப் பேருடையதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதில் ஏதாவது தெரியும். இது வெறும் உருவப் படம், மூக்கும் முழியும் மாதிரி. அதுவும் நல்ல படம்கூட இல்லை. குளத்தில் கல்லைப் போட்டதுபோல் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள். எங்கள் வேலையில் இதற்கு ஒரே அர்த்தம்தான், ஆள் ஆடிவிட்டார். என்னிடம் இப்படி ஒரு படம் வந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் திரும்ப எடுப்பேன். வேலை தெரியாதவர்கள் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைப் பல மாதம் மிட்டாய் மாதிரி வாயில் அடக்கி வைத்திருந்தேன்.

அவர் தங்கை விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிப் பெரட்டல் வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு அவள் படத்துக்கு முன்னால் போய் நின்று, பின்மண்டையில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்கதானே அண்ணி கோளாறு இருந்துச்சு? இப்ப எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தெளிவா? அது ஆடிப்போன படம். குறுக்க அலை அலையா ஓடுது, தெரியல? என் டிப்பார்ட்மெண்ட்ல இதை எடுத்துட்டு வந்து நீட்டினா மானம் போயிரும். நான் உங்கண்ணனை எடுத்தது உள்ளே இருக்கு, பாரு. ஒரு கோடு இருக்காது" என்றேன். சொல்லிவிட்டு அறைக்குப் போய் புடவைகளுக்கு அடியிலிருந்து அந்த ஃபிலிமை உருவிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உண்மையிலேயே அழகான படம்.

அவர் கோபப்படவில்லை. "ஆடினது தெரியும்மா. நல்ல படம் வேற இருந்துச்சு, அவங்க திரும்ப எடுத்தாங்க. நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன்" என்றார்.

பிறகு சொன்னார். மருந்து சாப்பிட்ட மறுநாள் ஸ்கேன். உள்ளே படுத்திருந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பந்தை அமுக்கினார். ஸ்கேனுக்கும் கூட வந்திருந்த அந்தப் பெண் காதை அடைத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்தாள். மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. தலை உள்ளே இருந்ததால் அவளால் எட்ட முடிந்தது அவர் கால் மட்டும்தான். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அழுது முடிகிற வரை விடவில்லை.

அழுதது அவருடைய அப்பாவை நினைத்து. என் மாமனார் காணாமல் போனவர் என்றுதான் எனக்குத் தெரியும். தோட்டத்தை விற்று, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன வாரம், ஒரு காலையில் ஆளைக் காணோம். மாமியார் மூன்று நாள் தோட்டத்து ஆட்களை வைத்து ரப்பர் காட்டையும், ஈயம் தோண்டிப் போட்ட குட்டைகளையும் தேட வைத்தாராம். மாமியார் உயிரோடு இருந்தவரை பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமலே இருந்தார். அந்தக் காலையில் பையோடு அப்பா தெலுக் இந்தான் பஸ் ஏறுவதை இவர் பார்த்திருக்கிறார். ஒன்பது வயது. அப்பா ஜன்னல் வழியாக, "அம்மாகிட்ட சொல்லாத, பேசாம வீட்டுக்குப் போ" என்றிருக்கிறார். இவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆட்கள் குட்டைக்குள் கம்பு விட்டுத் துழாவியபோதும் கரையில் நின்று பேசாமலே பார்த்திருக்கிறார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவளுக்கு முன்பே தெரியும். அங்கேயே சொல்லியிருக்கிறார். முதலில் அந்தப் பெண், அடுத்து தங்கை, மூன்றாவதாக நான். 

"என்கிட்ட ஏன் சொல்லலை? இத்தனை வருஷமா பக்கத்துலேயே படுத்திருக்கேனே."

அவர் என் கையிலிருந்த ஃபிலிமைப் பார்த்தார். "இதை எடுக்கும்போதும் நான் பந்தை அமுக்கினேன். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மணி அடித்ததும் மைக்கை அழுத்தி, "என்னங்க, மூச்சு முட்டுதா?" என்று கேட்டேன். "இல்ல, ஒன்னு சொல்லணும்" என்றார். "அப்புறம் சொல்லுங்க. இன்னும் நாலு நிமிஷம்தான், ஆடாதீங்க" என்றேன். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். எனக்கும் படம் நன்றாக வந்த சந்தோஷம், விட்டுவிட்டேன்.

"நீ ஆடாதீங்கன்னு சொன்னே. நான் ஆடலை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதைச் சொல்கிற குரல்தான் அது.

கல்யாணப் படம் இன்னும் செருப்பு அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை, முன்பைவிட அதிகமாகிவிட்டது என்றே சொல்லலாம். அவள் பிடித்த அந்தக் கால், அவளுக்குப் பல வருஷம் முன்னால் என் மெஷினில், என் கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு கதவுதான். நாலு நிமிஷம் பொறுக்கச் சொன்னது நான்.