அழ வைக்கப் போட்ட நாடகம்

எங்கள் மன்றத்து அலமாரியில் கரையான் ஏறியதால்தான் அந்த நாடகம் என் கைக்கு வந்தது. மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போடியில் மாதம் ஒருமுறை கூடி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தி, போண்டா தின்று கலைகிற இருபது பேர். நான் அதன் நாடகப் பிரிவுச் செயலாளர். பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவனுக்கு அந்தப் பதவி கிடைத்ததற்குக் காரணம், வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

கரையான் மிச்சம் வைத்த ஒரு நோட்டில், மலை மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் நாற்பது வருஷத்துக்கு முன் எழுதிய நாடகம் இருந்தது. ஒரு தொழிலாளி குடும்பம். ஐந்து பேருக்கும் குளிருக்கு ஒரே கம்பளி. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வந்தவர்கள் ஆளுக்கொரு கம்பளி இருப்பதாக நம்ப வேண்டும் என்று, அம்மா அந்த ஒன்றையே பின்வாசல் வழியாகக் கைமாற்றிக்கொண்டே இருக்கிறாள். படித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரையே கலங்கவைப்பது என்று முடிவு செய்தேன்.

எழுதியவர் உயிரோடு இல்லை. அவருடைய மகளிடம் அனுமதி கேட்க ஜீப் பிடித்துப் போடிமெட்டு ஏறி, அதற்கும் அப்பால் ஒரு எஸ்டேட் லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனேன். அந்த அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். இன்னும் காய் எடுக்கப் போகிறவர். தாராளமாகப் போடுங்கள் என்றார். அப்பா போட்டபோது லயமே வயிறு வலிக்கச் சிரித்தது என்றும் சொன்னார்.

“சிரிப்பாத்தான போடுவீங்க சாரே?” என்று கேட்டார்.

நான் பரிவோடு தலையாட்டினேன். தன் சோகம் தனக்கே தெரியாத எளிய மக்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை அழைப்பிதழிலும் அச்சடித்தேன்.

ஒத்திகை தொடங்கியது. பசியில் வாடும் தகப்பனாக நடிக்க முன்வந்தவர் இனிப்புக் கடைக்காரர்; அவர் வயிற்றை மறைக்கவே எங்களுக்கு ஒரு கம்பளி தேவைப்பட்டது. அம்மாவாக நடித்தவர், மன்றத் தலைவரின் மனைவி. கிழிந்த சேலைக்குச் சம்மதித்தார், வைர மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்றார். புதுக் கம்பளியைப் பழசாக்கத் தேயிலைத் தண்ணீரில் முக்கி, இரண்டு பேர் சுவரில் வைத்துச் செங்கலால் தேய்த்தார்கள். ஏலக்காய் வியாபாரியான தலைவருக்கு மேலே தோட்டமும் உண்டு. ஆகவே நாடகத்தில் வந்த முதலாளியை வெள்ளைக்காரத் துரையாக மாற்றிவிட்டேன். துரைமார் யாரும் போடியில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வசனம் நின்ற இடத்திலெல்லாம் புல்லாங்குழல் வைத்தேன்.

ஒரு ஞாயிறு மாலை, கல்யாண மண்டபத்தில் அரங்கேற்றம். முன்வரிசையில் பிரமுகர்கள் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். அந்த அக்கா மேலிருந்து இரண்டு ஜீப் நிறைய ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம்.

கம்பளிக் காட்சி வந்தது. தலைவரின் மனைவி விம்மி விம்மி அழுதபடி கம்பளியை மகனிடம் கொடுத்தார். புல்லாங்குழல் உருகியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். இரண்டாவது முறை கம்பளி கைமாறியபோது கடைசி வரிசை முழுவதும் சிரித்தது. தலைவர் எழுந்து திரும்பி, மரியாதையாக இருக்கச் சொல்லி அதட்டினார்.

அக்கா எழுந்தார். கோபமே இல்லை.

“எங்கம்மா அழுகலை சாரே. எல்லாரையும் வஞ்சுக்கிட்டே, ஏசிக்கிட்டேதான் கம்பளிய மாத்துச்சு. அழுதா வந்தவுக கண்டுபிடிச்சிருவாகள்ல?”

நான்கு மாத ஒத்திகையில் எங்கள் இருபது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பிறகு அவரே சாவகாசமாகச் சொன்னார்: “என்னையத்தான் பாக்க வந்தாக. கட்டிக்கிட்டுப் போயிப் பாத்தா, அவுக வீட்லயும் ஒண்ணுதான் இருந்துச்சு.”

மேடையில் முதலில் சிரித்தவர் பசியால் வாடிய தகப்பன். வயிறு குலுங்கக் குலுங்க, கம்பளி நழுவி விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தலைவரின் மனைவி அதன் பிறகுதான் நிஜமாக அழுதார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கொதித்தார். “ஏழைகளே சிரிச்சா, நாம எப்படிய்யா அனுதாபப்படுறது?” என்றார். நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் பட்டது. பார்வையாளர்கள் கண்ணீரில் நனைந்ததாக ஆண்டறிக்கையில் எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை.

ஆனால் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். அதை அக்காவிடமே கொடுத்து, அழைப்பிதழில் அச்சடித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அழைப்பிதழையே படித்திருக்கவில்லை. லயத்துக்கு முன்னால் ஏலக்காய் காயப்போடும் களத்தில், வேலையில்லாத ஒரு பகலில் நாடகம் போடலாம் என்றார். அம்மா வேஷம் அவருக்கு. இனிப்புக் கடைக்காரர், சொல்லாமலே ஒரு பெட்டி மிக்சரோடு வந்து தகப்பன் வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துரை போய், பழைய முதலாளி திரும்பி வந்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“சாரு பின்வாசல்ல நின்னு கம்பளிய வாங்கிக் குடுத்தாப் போதும். பேச வேணாம்.”

நின்றேன். கம்பளி போன வேகமும் வந்த வேகமும் எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை தவறிப்போய், அதை மாப்பிள்ளையின் தகப்பனாராக நடித்தவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஏலேய், வெரசா வாங்குடா! படிச்சவன்னு சோலிய நம்பிக் குடுத்தா இப்படியா நிப்ப?”

களமே அதிர்ந்தது. அன்று கிடைத்த சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான். நோட்டில் அந்த வசனம் கிடையாது.